மேசைக்கு வலப்பக்கம்

இரண்டு ஓரகத்திகள் ஒரே அடுப்படியில் சமைத்து, ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, ஒன்றாகவே வீடு திரும்பினால் தெரு சும்மா இருக்குமா? என்றைக்கு முட்டிக்கொள்வார்கள் என்று பல வருடம் காத்திருந்து அலுத்துப்போய், கடைசியில் தெருவே அந்த ஆசையை விட்டுவிட்டது. விட்ட பிறகுதான் அது நடந்தது.

நடந்தது சண்டையில்லை. சண்டையாக இருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்வதை மூத்தவள் நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். காலையில் இளையவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, பருப்புக்கு உப்புப் போட்டாயிற்றா என்று கேட்பாள். அடுப்பைப் பார்த்து நிற்கிற மூத்தவள் திரும்ப மாட்டாள். குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு தரம் கேட்க இளையவளுக்கு ரோஷம். எழுந்து போய்த் தானே ஒரு கை உப்பை அள்ளிப் போடுவாள். இப்படிச் சில நாள் பருப்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. அண்ணன் தம்பி இருவரும் வாயைத் திறக்காமல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தான். தம்பி மின்சார ஆபீசில் லைன்மேன். நாள் முழுக்கக் கம்பத்தில் ஏறி இறங்குகிறவனுக்கு வீட்டுக்குள் ஓடுகிற கரண்ட் தெரியாமல் போகுமா? அண்ணிக்கு ஏதோ வருத்தம், ஆறிவிடும், நீ பாட்டுக்கு இரு என்று பெண்டாட்டியிடம் சொன்னான். இது வருத்தமில்லை, பொறாமை என்றாள் அவள். சொன்னபோது அவளுக்கே அழுகை வந்தது. ஏனென்றால் பொறாமைப்படுகிற ஆளா மூத்தவள்? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்போது இளையவள் பாதிப் படிப்பை விட்டுவிட்டுத்தான் வந்தாள். கைக்குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போயி முடிச்சிட்டு வா, இவனை நான் பாத்துக்கறேன்" என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியது மூத்தவள்தான். அந்தப் பிள்ளை இப்போது மீசை முளைக்கிற வயதிலும் பசித்தால் முதலில் பெரியம்மாவைத்தான் தேடுகிறான்.

எல்லாம் அந்தப் பதவியால் வந்த வினை என்று இளையவள் நினைத்தாள். அந்த அரசுப் பள்ளியில் அதுவரை இருந்தது இரண்டே நாற்காலி. ஒன்று டீச்சர், இன்னொன்று தலைமை ஆசிரியர். டீச்சராகச் சேர்ந்தவர் தலை நரைக்கும்வரை அதே வகுப்பில் அதே கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேலே போக ஆசைப்பட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சம்பளப் பட்டியலோடும் உடைந்த பெஞ்சுக் கணக்கோடும் குடும்பம் நடத்தலாம். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஒரு படி ஏற வழியில்லை.

அந்த வருடம்தான் மேலிடத்திலிருந்து புது ஏற்பாடு வந்தது. தலைமை ஆசிரியர் ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்யக் கூடாது, நான்கு பேர் உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும். அந்த நால்வரில் ஒருவர் முன்னணி ஆசிரியர். காலையில் தன் வகுப்பு. மத்தியானம் மற்றவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்ப்பது, எது ஓடுகிறது எது ஓடவில்லை என்று அவர்களோடு பேசுவது, வேண்டுமானால் கூடச் சேர்ந்து சொல்லிக்கொடுப்பது. பதவியும் உயரும், சம்பளமும் கொஞ்சம் உயரும். தலைமை ஆசிரியரைப் பிள்ளைகள் மணி சார் என்பார்கள். பள்ளிக்கூட மணியை வேறு யாரையும் தொட விடாமல் தானே அடிப்பதால் வந்த பெயர். சாக்பீஸ் அலமாரிச் சாவியைக்கூட இடுப்பில் முடிந்து வைத்திருந்த மனிதர், இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் இனிமேல் திட்டையாவது நான்கு பேராக வாங்கலாம் என்று சிரித்தார். சாவியைக் கழற்றிக் கொடுக்க மட்டும் கொஞ்ச நாள் பிடித்தது.

அந்தப் பதவி மூத்தவளுக்குத்தான் என்று எல்லோரும் முடிவே கட்டியிருந்தார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக ஒன்றாம் வகுப்பு. அந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கையைப் பிடித்து எழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள். பெயர் கொடுக்கிற கடைசி நாள்வரை அவள் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுக்கவில்லையா என்று இளையவள் நேருக்கு நேராகக் கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு வேணாம், நீ குடு" என்றாள் மூத்தவள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வகுப்புக் கணக்கு டீச்சரான இளையவள் பெயர் கொடுத்தாள். ஆசிரியர்கள் சீட்டு எழுதிப் போட்டு அவளையே தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்துதான் அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது இளையவளின் கணக்கு. கணக்கு டீச்சர் போட்ட கணக்கு அதற்கு முன்னால் எவ்வளவு நாளாக அப்படி என்பதைப் பார்க்கவில்லை.

புது வேலை ஆரம்பத்தில் அவளைப் பாடாய்ப் படுத்தியது. மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள் வருகிற நாளில் மட்டும் பலூன், மெழுகுவர்த்தி என்று கடையையே கொண்டுவந்து பரப்பினாள். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் வாசலிலேயே மறித்து, நோட்டம் பார்க்க வந்தாயா என்று கேட்டார். நோட்டமெல்லாம் இல்லை சார், எனக்கும் ஒரு இடம் பிடிபடவில்லை, உங்கள் வகுப்பில் பார்க்கலாம் என்று வந்தேன் என்றாள் அவள். கழித்தலில் கடன் வாங்கும்போது பிள்ளைகள் ஒரே இடத்தில் தவறுவது இருவரையும் வாட்டிய விஷயம். பூஜ்யம் இருந்தால் அதைத் தாண்டிப் போய்க் கடன் வாங்கிவிட்டு, தாண்டிய இடத்தை மறந்துவிடுகிறார்கள் என்று பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. இருவரும் குச்சிக் கட்டுகளை வைத்து அதைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவரே டீ கிளாசோடு வந்து, "டீச்சர், நாளைக்கு நம்ம வகுப்புக்கு வாங்க, ஒரு இடம் இடிக்குது" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஒன்றாம் வகுப்பு மட்டும் பாக்கி. இன்றைக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குச் சளி என்பாள் மூத்தவள். அடுத்த வாரம் வேறு காரணம். எல்லா வகுப்பையும் பார்த்த பிறகுதான் குழுக் கூட்டம். வீட்டுச் சண்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவராதீர்கள் என்று மணி சார் நாசூக்காக இளையவளிடம் சொன்னார். அவளுக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் மத்தியானம் யாரிடமும் கேட்காமல் போய் ஒன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில், குழந்தைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள்.

மூத்தவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு பாடத்தைத் தொடங்கினாள். புத்தகத்தைத் திறங்கள் என்றதும் வகுப்பே ஒரே குரலில் படித்தது. மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியின் கதை. ஓர் எழுத்துப் பிசகவில்லை. சுவரில் படங்கள், கயிற்றில் எழுத்து அட்டைகள், மூலையில் தண்ணீர்ப் பானை, எல்லாம் அதனதன் இடத்தில். மூத்தவள் குனிந்து ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்தாள், இன்னொன்றின் பொத்தானைப் போட்டுவிட்டாள். எவ்வளவு அழகாக வைத்திருக்கிறாள் என்று இளையவள் கோபத்தை மறந்து சந்தோஷப்பட்டாள்.

அப்புறம் இடப்பக்க வரிசையிலிருந்து ஒரு பையன் வெளியே போக வேண்டும் என்று கேட்டான். மூத்தவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் மறுபடி கேட்கவும் இல்லை. எழுந்தான், மேசையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தான், அவள் முந்தானையை இழுத்தான், அவள் குனிந்ததும் காதருகே சொன்னான். போய்விட்டு வா என்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், பென்சில் முனை உடைந்ததைக் காட்ட. அவளும் அதே மாதிரி சுற்றிக்கொண்டு வலப்பக்கம். பிறகு இன்னொன்று. ஒரு குழந்தைகூட இடப்பக்கம் நின்று பேசவில்லை. டீச்சரிடம் இப்படித்தான் பேச வேண்டும் என்று அவர்களாகவே பழகியிருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

இளையவள் தன் பக்கத்திலிருந்த குழந்தையிடம், அடுத்த பக்கத்தை நீ மட்டும் படித்துக் காட்டு என்று மெதுவாகச் சொன்னாள். அது கூரையைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தது. பக்கம் திரும்பவே இல்லை. ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. அதற்குத் தெரியவில்லை. பக்கத்துக் குழந்தைக்கும் தெரியவில்லை. அந்த வரிசையில் ஒன்றுக்கு மட்டும் தெரிந்தது. மேசையருகே நின்றிருந்த மூத்தவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று வீட்டுக்கு இருவரும் தனித்தனியாக வந்தார்கள். வானம் கறுத்துப் புழுக்கம் தாங்கவில்லை. மொட்டைமாடியில் மூத்தவள் உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இளையவள் படியேறி வந்து, கொடியைச் சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு வலப்பக்கம் நின்றாள். மூத்தவள் அதைக் கவனித்தாள். கையிலிருந்த துண்டை மடிப்பதை நிறுத்தினாள்.

"எவ்வளவு நாளாக்கா?"

"இடது பக்கம் போயி ரெண்டு மூணு வருஷம் இருக்கும். வலது, போன மழைக்காலத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவரு நாள் பூரா சுத்தியலால தட்டுறவரு. வீட்டுக்கு வந்தாலும் கத்தித்தான் பேசுவாரு. இந்த வீட்டுல அவரு பேசுறது ஒண்ணுதான் எனக்கு ஒழுங்கா கேக்குது." அவள் சிரிக்கப் பார்த்தாள். "காது மிஷினும் வாங்கினேன், ஒருத்தருக்கும் சொல்லாம. டாக்டர் ரூமுல நல்லாத்தான் கேட்டுச்சு. வகுப்புல மாட்டினா பாத்திரக் கடை சரிஞ்சு விழுற மாதிரி இரைச்சல். எந்தப் பிள்ளை என்ன சொல்லுதுன்னு பிரிக்க முடியல. கழட்டி பீரோவுல போட்டுட்டேன்."

"அப்ப நான் அடுப்படியில கூப்பிடும்போதெல்லாம் நீங்க..."

"நீ கூப்பிட்டியா?" என்றாள் மூத்தவள்.

இளையவள் உலராத ஒரு சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, மறுபடி கொடியிலேயே போட்டாள். எத்தனை நாள் மனசுக்குள் இந்த மனுஷியைக் கரித்துக்கொட்டினோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. பிறகு, பெயர் கொடுக்காதது இதனால்தானா என்று கேட்டாள்.

"பின்ன? கடைசி பெஞ்சுல உக்காந்து நான் எதைக் கேக்கறது? எனக்கும் ஆசை இருந்துச்சுடி. இல்லாம இல்ல. ஒரே நாற்காலியில உக்காந்து தேஞ்சு போனவ நான். அந்த ஆசை வந்தப்ப காது போயிருச்சு." துண்டை மடித்து வைத்தாள். "இன்னொண்ணு சொல்லட்டுமா? இத்தனை வருஷத்துல என் வகுப்புக்குள்ள வந்து ஒரு பாடம் முடியிற வரைக்கும் உக்காந்த முதல் ஆளு நீதான். ஆபீசரு வருவாரு, வாசல்ல நின்னு பிள்ளைங்களை வணக்கம் சொல்ல வைப்பாரு, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு. மணி சாரு ஜன்னல் வழியாப் பாத்துட்டு, அமைதியா இருக்குன்னு சந்தோஷமாப் போவாரு. யாராச்சும் முன்னாடியே வந்து உக்காந்திருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பாங்க. நானும் ஒத்துக்கிட்டிருப்பேன். ஒருத்தரும் வரல. அப்படியே ஓட்டிட்டேன்."

"பிள்ளைங்க படிக்கலக்கா. ஒப்பிக்குதுங்க."

"தெரியும்."

"எழுத்தே தெரியாத பிள்ளைங்க நிறைய இருக்கு."

"தெரியும்னு சொல்றேன்ல. தனித்தனியாப் படிக்கச் சொன்னா எனக்குக் கேக்காது. தப்பாச் சொன்னாலும் சரின்னு தலையாட்டிடுவேனோன்னு பயம். சேந்து சொன்னா சத்தமாவது வருது."

இளையவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். மத்தியானம் தினமும் தான் ஒன்றாம் வகுப்புக்கு வந்து படிக்கவைப்பதைப் பார்த்துக்கொள்வதாகவும், மற்றதை அக்கா பார்த்துக்கொள்ளலாம் என்றும். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள் மூத்தவள். மற்ற வகுப்புக்காரர்கள் சும்மா இருப்பார்களா, ஓரகத்திக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு என்று கேட்க மாட்டார்களா? விஷயம் வெளியே போனால் காது பரிசோதனைக்கு அனுப்புவார்கள், தேறாவிட்டால் புத்தகம் அடுக்கி வைக்கிற அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஓய்வுபெற இன்னும் சில வருடம்தான் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் இல்லாத அறையில் கழிக்க அவளால் முடியாது.

"இந்த ஒரு வருஷம் யாருகிட்டயும் சொல்லாம விட்டுடு. உன்கிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல."

அது உண்மை. அவள் எதுவும் கேட்டதில்லை. இளையவள் பதில் சொல்வதற்குள் பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. இருவரும் துணிகளை வாரிக்கொண்டு கீழே ஓடினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாட்களில் இளையவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் தன் பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவளின் பிழைப்பைப் பிடுங்கியதாகும். சொல்லாவிட்டால் அத்தனை குழந்தைகளும் படிக்கத் தெரியாமலே இரண்டாம் வகுப்புக்குப் போகும், அப்புறம் மூன்றாவது, அப்புறம் தன்னிடமே கணக்குப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாமல் வந்து நிற்கும். இரண்டில் எதையும் அவளால் விழுங்க முடியவில்லை. புருஷனிடம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். மூத்தவள் வழக்கம்போல அடுப்பைப் பார்த்து நின்றாள். இப்போது இளையவள் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டுக் கேட்டாள். பருப்பு மட்டும் சரியாகிவிட்டது.

குழு கூடும்போது ஒரு வழக்கத்தை அவர்களே ஏற்படுத்தியிருந்தார்கள். எந்த வகுப்பைப் பற்றிப் பேசினாலும் அந்த வகுப்பு டீச்சர் எதிரில் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் பேச்சில்லை. அன்று மணி சாரின் அறையில் ஐந்து நாற்காலிகள்: மணி சார், இளையவள், குழுவில் மற்ற இருவரான மூன்றாம், ஐந்தாம் வகுப்புக்காரர்கள், அவர்களோடு மூத்தவள். மழை விடாமல் அடித்தது. மேலே தகரக் கூரை. பக்கத்தில் இருப்பவரிடமே குரல் உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. மூத்தவள் கடைசியாக வந்தாள். மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டதால் மிச்சமிருந்த மூலை நாற்காலிதான் கிடைத்தது. அங்கே உட்கார்ந்தால் எல்லோரும் அவளுக்கு இடப்பக்கம்.

ஐந்தாம் வகுப்பு வாத்தியார் தன் வகுப்பில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், தான் எங்கே தவறாகச் சொல்லிக்கொடுத்தேன் என்பதைக்கூட. மூன்றாம் வகுப்பு டீச்சர், பலூனெல்லாம் உங்களுக்காகத்தான் வாங்கினேன் என்று ஒப்புக்கொள்ள, எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளும் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். இளையவளால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒன்றாம் வகுப்பைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் மணி சார்.

இளையவள் மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஒன்றாம் வகுப்பில் குறையொன்றும் இல்லை, பிள்ளைகள் வாய்விட்டுத் தெளிவாகப் படிக்கிறார்கள், அந்த வகுப்பைப் பார்த்து நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள்.  மணி சார் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு மூத்தவளைப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். இளையவள் மட்டும் நிமிரவில்லை.

மூத்தவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குனிந்திருந்த தலையையும் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவ சொன்னது நிஜம்தான் சார்," என்றாள். மழைக்கு மேலாகவே அவள் குரல் கேட்டது. "எனக்குக் காது கேக்கல. இடது பக்கம் சுத்தமா இல்ல. வலதும் போயிட்டு இருக்கு. பிள்ளைங்க படிக்கல, பாடம் பண்ணிச் சொல்லுதுங்க. சொல்ல வேணாம்னு நான்தான் அவளைக் கேட்டுக்கிட்டேன். கஷ்டப்பட்டுத்தான் சொல்லியிருப்பா. அவ மேல தப்பு இல்ல."

 ஐந்தாம் வகுப்பு வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மணி சார் ஒன்றும் புரியாமல் இளையவளைப் பார்த்தார், மூத்தவளைப் பார்த்தார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றி வந்து மூத்தவளின் வலப்பக்கம் நின்று, அவர் அப்படி எதுவும் சொல்லவில்லையே டீச்சர் என்றார்.

மூத்தவள் இளையவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"நீ என்ன சொன்ன?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்க்கா."

மூத்தவள் வலக் காதின் பின்னால் கையை வைத்துக்கொண்டு முகத்தை நீட்டினாள். கேட்கவில்லை. இளையவள் அத்தனை பேர் முன்னால் இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

"உங்க வகுப்பு நல்லா இருக்குன்னு சொன்னேன். பிள்ளைங்க நல்லாப் படிக்குதுங்கன்னு சொன்னேன்."

மூத்தவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் இருந்தது நன்றியில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அனுப்பி வைத்தது இதற்கா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"நான் கேட்டேன்தான். அதுக்காக நீயும் அப்படியே சொல்லிடுவியா? அப்புறம் எதுக்குடி உன்னைக் கடைசி பெஞ்சுல உக்கார வச்சாங்க?"

இளையவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். மணி சார் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். காது பரிசோதனை, விடுப்பு, மேலிடத்துக்கு என்ன சொல்வது என்று ஏதேதோ ஆரம்பித்தார். தான் வேண்டுமானால் தெரிந்த டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பதாக மூன்றாம் வகுப்பு டீச்சர் சொன்னாள். மூத்தவளுக்கு அதில் பாதி கேட்டிருக்காது. அவள் மூலை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லோரும் தனக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி மேசையின் மறுபுறம் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளைங்களுக்கு நாளையிலிருந்து யாரு படிக்கச் சொல்லிக் குடுக்கறதுன்னு முதல்ல பேசுங்க," என்றாள். "என் காதை அப்புறம் பாக்கலாம்."